கடைசிக் கூடையைத் தேடிச் செஞ்சிக்கு

திண்டிவனத்தில் ஏறிய பேருந்தில் எனக்கு அரை இருக்கை கிடைத்தது. மீதி அரையில் ஒரு பொரி மூட்டையும் அதன் சொந்தக்கார அம்மாவும் இருந்தார்கள். பௌர்ணமிக்கு முதல் நாள் திருவண்ணாமலைப் பக்கம் போகிற பேருந்தில் ஏறக்கூடாது என்பது இந்த வட்டாரத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியுமாம். கடல் தாண்டி ஈப்போவிலிருந்து வந்த அறுபத்திரண்டு வயது ஓய்வுபெற்ற ஆசிரியைக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் நான் பிள்ளைகளுக்கு நடத்தியது புவியியல்.

"செஞ்சி இறங்கு, செஞ்சி இறங்கு" என்று நடத்துநர் கூவினார். எழ முடிந்தது, நகர முடியவில்லை. கிரிவலக் கூட்டம் அண்ணாமலையாரை நினைத்தபடி அசையாமல் நின்றது. வகுப்பறைக் குரலை எடுத்து "வழி விடுங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஊர் பின்னால் போய்விட்டது.

"இன்னாம்மா, தூங்கிட்டியா? கோட்டகிட்ட நிறுத்தறேன், இறங்கிக்க," என்றார் நடத்துநர்.

நிறுத்தினார். முதலில் பெட்டி இறங்கியது, அடுத்து நான். சன்னல் வழியாக யாரோ புண்ணியவான் என் இடது செருப்பை எறிந்தார். குனிந்து அதை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் ஈப்போவிலும் மலைகள் உண்டு. சுண்ணாம்பு மலைகள், பச்சைப் போர்வை போர்த்தியவை. இங்கே மலை மேலாடை இல்லாமல் நின்றது. லாரியிலிருந்து கொட்டிய ஜல்லிக் குவியல் மாதிரி பாறைகள், ஆனால் ஒவ்வொரு ஜல்லியும் எங்கள் வீட்டளவு. அந்தக் குவியலின் உச்சியில், வெயிலில், ஒரு கட்டடம். அங்கே யார் கல் தூக்கிக்கொண்டு போனார்கள்? எதற்காகப் போனார்கள்? வாயைத் திறந்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை.

"எங்க போவணும்மா?" என்று ஓர் ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டியவர் பெயர் ஏழுமலை. ஐம்பது வயதிருக்கும். "செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு," என்றேன். "செஞ்சியில இருந்துதான வர்றீங்க? மறுபடி செஞ்சிக்கேவா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அடுத்த இரண்டு நாளும் அவர்தான் எனக்குச் சாரதி.

நான் கோட்டை பார்க்க வரவில்லை. ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

எங்கள் நாட்டின் தேசியக் கூடைப்பந்து லீக்கைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். "யார் படிக்கப் போறா?" என்று என் மகள் கேட்டாள். யாரும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, எழுதி வைத்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். தகரக் கூரை அரங்கங்களில், மழை பெய்தால் நடுவர் ஊதுவதே கேட்காத காலத்தில் தொடங்கிய லீக் அது. முதல் சாம்பியன் எங்கள் ஊர் அணி. ஈயச் சுரங்கத் தொழிலாளிகளின் பிள்ளைகள் நிறைய ஆடியதால் ஊரில் எல்லோரும் சுரங்க அணி என்றுதான் சொல்வார்கள். அதன் கேப்டன், நான்காம் எண், என் அண்ணன் கோவிந்தன்.

அந்த முதல் இறுதி ஆட்டத்தை நான் பதினான்கு வயதில் நேரில் பார்த்தேன். எதிரே கிள்ளான்காரர்களின் துறைமுக அணி. ஆட்டம் முடியும் தறுவாயில் நாங்கள் ஒரு புள்ளி பின்னால். எங்கள் பையன் ஒருவன் எறிந்த பந்து வளையத்தில் பட்டு மேலே எகிறியது. இரண்டு கைகள் அதற்காக எழும்பின. ஒன்று அண்ணன் கை. மற்றது துறைமுக அணியின் நெட்டையன் சியோங்கின் கை. பந்து கூடைக்குள் விழுந்தது. மணி அடித்தது. ஒரே புள்ளியில் நாங்கள் சாம்பியன்.

அன்றிலிருந்து ஊரில் அண்ணனுக்குப் பெயர் 'கடைசிக் கூடைக் கோவிந்தன்'. கல்யாண வீடாக இருக்கட்டும், கருமாதி வீடாக இருக்கட்டும், யாராவது ஒருவர் கையைத் தூக்கி அந்தக் கூடையைப் போட்டுக் காட்டுவார். அண்ணன் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது கூச்சம் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன்.

புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைப் படித்துக் காட்டியபோதுதான் உண்மை வந்தது. "இத அச்சடிக்காதே தங்கச்சி," என்றார். "அந்தப் பந்து என் கையில பட்டுச்சா, சியோங் கையில பட்டுச்சான்னு எனக்கே தெரியாது."

"ஸ்கோர் தாளில் உன் எண்தானே இருக்கு?" என்றேன்.

"இருக்கும் லா. யார் கை பட்டாலும் என் எண்தான் இருக்கும்."

அப்போதுதான் எனக்கு அந்த விதி தெரிந்தது. கூடைப்பந்தில் ஓர் ஆட்டக்காரன் தவறிப்போய்த் தன் பக்கத்துக் கூடையிலேயே பந்தைப் போட்டுவிட்டால், அந்தப் புள்ளிகள் எதிரணிக்குப் போகும். எதிரணிக் கேப்டனின் எண்ணில் எழுதப்படும். போட்டவன் பெயர் எங்கும் வராது. ஆக, அண்ணன் போட்டிருந்தாலும் நான்கு. சியோங் தட்டிவிட்டிருந்தாலும் நான்கு. தாளைப் பார்த்துப் பயனில்லை.

அன்று படம் பிடித்தவர் யாரும் இல்லை. நடுவர்கள் இருவரும் காலமாகிவிட்டார்கள். சியோங்கிடம் நேராகக் கேட்க அண்ணனுக்கு மனம் வரவில்லை. மிச்சம் இருப்பவர் ஒருவர்தான்: மேசையில் உட்கார்ந்து அந்தத் தாளை எழுதிய ஸ்கோரர் நேமிராஜ். அப்போது ஈப்போவில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தவர். லீக்கின் ஸ்கோர் தாள்களை அச்சடித்ததே அந்த அச்சகம்தான். தாளின் பின்பக்கத்து விதிகளை எழுத்தெழுத்தாகக் கோத்து மனப்பாடமாகிப் போனதால் அவரையே மேசையிலும் உட்கார வைத்தார்கள். பிறகு சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டார். செஞ்சிக்குப் பக்கத்தில், தமிழ்ச் சமணர்கள் வாழும் மேல்சித்தாமூர்.

"ஆட்டம் ஆடின முழங்காலு, என்னால பிளேன் ஏற முடியாது. நீ போய்க் கேட்டுட்டு வா. அவர் என்ன சொல்றாரோ அதை எழுது," என்றார் அண்ணன். எழுபது வயதில் ஒரு மனிதர் தன் பட்டப்பெயர் தனக்குச் சொந்தமா இல்லையா என்று கேட்டு அனுப்புகிறார். அந்தக் கேள்வியோடுதான் செஞ்சி விடுதியில் பெட்டியை வைத்தேன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் ஓட்டலில் சாப்பாடு. இலை போட்டார்கள். சாம்பாரைச் சோற்றின் நடுவில் குளம் வெட்டி ஊற்றினார்கள். "போதும்" என்று நான் கையைக் காட்டியதை "இன்னும்" என்று எடுத்துக்கொண்டு பரிமாறியவர் இன்னொரு கரண்டி போட்டார். எங்கள் ஊரில் கைகாட்டினால் நிறுத்திவிடுவார்கள். இங்கே இலையை மடித்தாலொழிய நம்ப மாட்டார்கள். அன்று கற்றுக்கொண்ட பாடம்.

பிற்பகல் ஏழுமலையின் ஆட்டோவில் கிளம்பினோம். வல்லம் தாண்டியதும் சாலையின் இருபக்கமும் வேர்க்கடலைச் செடிகள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செடியைப் பிடுங்கி உதறிக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை ஆட்டோவை நிறுத்தி, உரிமையாக ஒரு பிடி வாங்கி வந்தார். "பச்ச மல்லாட்ட. சாப்புடுங்க. இனிக்கும்." மண்வாசனையோடு உண்மையிலேயே இனித்தது. எங்கள் ஊரில் கச்சான் என்று பொட்டலத்தில் வாங்குவது எல்லாம் இதன் தூரத்துச் சொந்தம்கூட ஆகாது.

நேமிராஜ் வீட்டு வாசலில் அவருடைய மகள் பத்மா நின்றிருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. நான் வருவதாகக் கடிதம் போட்டிருந்தேன். ஆனாலும் அவர் முகத்தில் ஒரு சங்கடம்.

"வாங்கம்மா. லெட்டர் வந்துச்சி. ஆனா இன்னிக்கி சதுர்த்தசி. நைனா உபவாசம், மௌனம் ரெண்டும். நாளைக்கி விடிஞ்சாதான் வாயத் தொறப்பாரு."

ஈப்போவிலிருந்து விமானத்திலும் பேருந்திலும் அடிபட்டு வந்தவளிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. பிறகு உள்ளே பார்த்தேன். கூடத்தில், சுவரோரமாக, வெள்ளை வேட்டியில் மெலிந்த ஒரு மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முக்கால் நூற்றாண்டு வயது, நாள் முழுக்கத் தண்ணீரும் இல்லை. முதுகு மட்டும் அடிக்கோல் வைத்துக் கிழித்த கோடு. கோபம் போன இடம் தெரியவில்லை.

எதிரே உட்கார்ந்து, "நான் ஈப்போ கோவிந்தனோட தங்கச்சி," என்றேன்.

அவர் கண்கள் விரிந்தன. வலது கை தானாக எழுந்தது. நான்கு விரல்கள். நான்காம் எண்! நாற்பத்தெட்டு வருடத்துக்கு அப்புறமும்! உடனே, விரலைக் காட்டுவதும் பேச்சுதானே என்று தோன்றியதோ என்னவோ, விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். மறக்காத மனிதரைத் தேடி வந்திருக்கிறோம் என்பது உறுதியாயிற்று. இதில் பயமும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது.

"நாளைக்கி சாயங்காலம் நாங்க திருநாதர்குன்றுக்கு வர்றோம். செஞ்சியிலியேதான் இருக்குது. நாலு மணிக்கு வந்துடுங்க," என்றார் பத்மா.

மறுநாள் காலையைச் சும்மா கழிக்க முடியாமல் கோட்டை ஏறினேன். என் முழங்கால்கள் எழுதிக் கொடுத்த எதிர்ப்பை நான் ஏற்கவில்லை. "மேல ராஜகிரிக்கு ஏறணும்னா இப்பவே ஏறிடணும். வெயிலு வந்தா கல்லு தோச சுட்டுடும்," என்று சொல்லிக்கொண்டு ஏழுமலையும் கூட வந்தார். ஆட்டோவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். "அத எவன் எடுப்பான்? எனக்கே ஸ்டார்ட் ஆவறதில்ல."

கல்யாண மகாலைப் பார்த்தேன், தானியக் களஞ்சியத்தின் உள்ளே நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல் ஊர்ந்து போய்த் திரும்பி வந்தது. படி ஏறத் தொடங்கி இருபதாவது நிமிடத்தில் ஒரு குரங்கு என் பையிலிருந்த ஈப்போ பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனது. பிரித்தது, முகர்ந்தது, எறிந்தது. எங்கள் ஊர்ப் பிஸ்கட்டுக்கு இப்படி ஓர் அவமானம் அதுவரை நடந்ததில்லை.

மூச்சு வாங்க உட்காரும் இடங்களில் எல்லாம் ஏழுமலை கேள்வி கேட்டார். "அந்த லீக்குல முதல்ல உங்க அண்ணன் ஜெயிச்சாரு. அப்பறம்?"

அப்புறம் துறைமுக அணி. அடுத்தடுத்து அவர்கள்தான், யாராலும் அசைக்க முடியவில்லை. ஆனால் அந்த வெற்றிகளில் சியோங் இல்லை. முதல் இறுதி ஆட்டத்தோடு பந்தைக் கீழே வைத்தவன் மறுபடி எடுக்கவில்லை. அதற்கப்புறம் ரப்பர் தொழிற்சாலைக்காரர்களின் அணி வந்தது. இடைவேளையில் நெட்டோட்டம் ஓடி எதிரணியைப் பயமுறுத்துவார்கள். பிறகு பள்ளி ஆசிரியர்களின் அணி. உயரம் கிடையாது, மூளை உண்டு, ஒரே ஒரு முறை கோப்பையைத் தூக்கினார்கள். பிறகு ஆதரிக்க ஆளில்லாமல் லீக்கே நின்றுபோனது. கோப்பை எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பல வருடம் கழித்து ஒரு கோப்பிக் கடையில், வாடிக்கையாளர்கள் குடை செருகி வைக்கும் பாத்திரமாக அதைக் கண்டுபிடித்தார்கள். தேய்த்துத் துலக்கி, வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்து, லீக்கை மறுபடி தொடங்கினார்கள். இன்று அதன் அடிப்பீடத்தில் சாம்பியன்களின் பெயர் பொறிக்க இடமில்லாமல் இன்னொரு மரப்பீடம் சேர்த்திருக்கிறார்கள். சுற்றிச் சுற்றி எத்தனை பெயர்கள்! முதல் வரியில் சுரங்க அணி.

"இந்தக் கோட்டையும் அப்படித்தாம்மா," என்றார் ஏழுமலை. "கோனாரு, நாயக்கரு, பீஜப்பூருக்காரன், மராட்டியன், மொகலாயன், பிரெஞ்சுக்காரன், வெள்ளக்காரன். எல்லாம் ஜெயிச்சான். இப்ப கொரங்கு சாம்பியன்."

உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலையே இரண்டாகப் பிளந்து ஒரு பள்ளம். அதன் மேல் சின்னப் பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் போதுமாம், மேலே இருப்பவனை எவனாலும் நெருங்க முடியாது. ஏழுமலை கையைப் பிடித்து என்னை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சேர்த்தார். மேலே போய் நின்றேன். கோட்டையின் மூன்று மலைகளையும் சுற்றி வளைத்து மதில் ஓடுகிறது. ஏரி, வயல், ஊர், பேருந்து நிலையம், எல்லாம் காலடியில். காற்று புடவையைப் பிடுங்கியது. என் கண்ணில் நீர் வந்துவிட்டது. காற்றுதான் காரணம் என்று ஏழுமலையிடம் சொன்னேன். மனிதர்கள் இவ்வளவு செய்வார்களா என்று எனக்கு உண்மையிலேயே மலைப்பாக இருந்தது.

நாலு மணிக்குத் திருநாதர்குன்று. ராஜகிரி ஏறியவளுக்கு இது ஒரு பிடி மலை, ஆனாலும் என் கால்கள் அதற்குள் வேலைநிறுத்தம் அறிவித்திருந்தன. பத்மாவின் ஸ்கூட்டரிலிருந்து இறங்கிய நேமிராஜ், நேற்று முழுக்கச் சாப்பிடாத மனிதர், எனக்கு முன்னால் ஏறிப்போய் உச்சியில் காத்திருந்தார்.

"வாம்மா தங்கச்சி. நேத்து பேச முடியல. மனசு வருத்தமாதான் இருந்துச்சி," என்றார். நான் கேட்ட முதல் சொற்கள் அவை.

பாறையின் முகத்தில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள். மேல் வரிசையில் பன்னிரண்டு பேர், கீழ் வரிசையில் பன்னிரண்டு பேர். எல்லோரும் ஒரே உயரம், ஒரே அமர்வு, ஒரே அமைதி. நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்: "ஸ்கோர் தாள் மாதிரியே இருக்கு. பக்கத்துக்குப் பன்னிரண்டு."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவரோ பொக்கைவாய் தெரியச் சிரித்தார். "நானும் ஈப்போவுல மேசையில உக்காரும்போது அதத்தான் நெனப்பேன். ரெண்டு டீமு, பன்னெண்டு பன்னெண்டு. ஆனா இங்க ஜெயிச்சவன் தோத்தவன் இல்ல."

அருகில் ஒரு பாறையில் பழைய கல்வெட்டு. ஒரு துறவி உண்ணாநோன்பிருந்து உயிர் விட்ட இடம் என்று சொன்னார். ஐம்பத்தேழு நாள் என்று கணக்கு வைத்து யாரோ வெட்டியிருக்கிறார்கள். "செத்தவரு பெருசுதான். ஆனா பக்கத்துல இருந்து நாள எண்ணுனவன் ஒருத்தன் இருந்தான் பாரு. கூட ஒரு நாளும் சொல்லல, கொறச்சி ஒரு நாளும் சொல்லல," என்றார். ஆயிரம் வருடத்துக்கும் மேலான அந்த எழுத்துகளை நான் தொட்டுப் பார்த்தேன். கல் சூடாக இருந்தது.

பிறகு, "அந்தத் தாளு கொண்டாந்தியா?" என்று கேட்டார்.

நான் பெருமையோடு புத்தகத்தின் அச்சுப்படியை எடுத்தேன். முதல் இறுதி ஆட்டத்தின் ஸ்கோர் தாளை முழுப்பக்கமாகப் போட்டிருந்தேன். சாம்பியன் அணிக்குக் கொடுத்த ரோஸ் நிறக் கார்பன் நகல், அண்ணன் தன் கல்யாணச் சான்றிதழோடு சேர்த்து வைத்திருந்தது. கரப்பான் எச்சமும் மஞ்சள் கறையுமாக இருந்ததைப் படமெடுத்து, என் மருமகன் துணையோடு கணினியில் நாலு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு அழுக்காகத் துடைத்திருந்தேன். இப்போது அது அச்சகத்திலிருந்து அன்றைக்கு வந்த தாள் போலப் பளிச்சென்று இருந்தது.

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். விரலை வைத்துக் கீழே இறங்கினார். கடைசி வரி. நான்காம் எண். விரல் அங்கேயே நின்றது. தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என் புள்ளி எங்கம்மா?" என்றார்.

"எந்தப் புள்ளி?"

"நாலுக்குப் பக்கத்துல, வலது கைப்பக்கம், கீழ. சின்னதா ஒரு புள்ளி வெச்சிருந்தேனே."

"தாள்ல நிறைய அழுக்கு இருந்துதுங்க. எல்லாத்தையும் துடைச்சுட்டேன்."

"அது அழுக்கு இல்லம்மா," என்றார். குரல் மிக மெதுவாக வந்தது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பத்மா ஓர் அடி முன்னால் வந்து அப்பாவின் தோளைத் தொட்டார்.

அன்று நடந்ததை அவரே சொன்னார். "உங்கண்ணன் நல்லா எழும்புனாரு. ஆனா அவரு கை கீழ எறங்கிடுச்சி. பந்து இன்னும் மேலதான் இருந்துச்சி. அந்த நெட்டப் பையன் வெளிய தட்ட வந்தான். உள்ள தட்டிட்டான். எனக்கு நேரா, விளக்குக்குக் கீழ நடந்தது. அவன் என்னத்தான் பாத்தான். மேசையில நான் இன்னா எழுதப்போறேன்னு பாத்தான். அந்தப் பார்வ இன்னிக்கும் இருக்குது."

மைக்கைக் கையில் வைத்திருந்தவர் யார் போட்டது என்று கேட்டாராம். நேமிராஜ் தாளைக் காட்டினாராம். நான்கு. விதி அதைத்தான் எழுதச் சொல்கிறது. மைக்கில் கோவிந்தன் பெயர் முழங்கியது, அரங்கம் எழுந்துவிட்டது.

"நான் பொய் எழுதல. ஆனா அன்னிக்கி அவ்ளோ சத்தத்துல அந்தப் பையன் பேர நான் சொல்லியிருந்தா, அவன் வீட்டுக்கு எப்பிடிப் போவான்? இருபது வயசுப் புள்ள. ஒரு உசுர நோவடிக்கக் கூடாதுன்னு வளந்தவன் நானு. உண்மைய மறைக்கக் கூடாதுன்னும் வளந்தவன். ரெண்டுக்கும் நடுவுல எனக்குக் கெடச்சது அந்த ஒரு புள்ளிதான். சொந்தக் கூடையில போட்டா நான் வெக்கிற அடையாளம் அது. யாராச்சும் வந்து கேட்டா சொல்லலாம்னு வெச்சேன். யாரும் கேக்கல. இருந்தாலும் தாள்ல இருக்குதேன்னு நிம்மதியா இருந்தேன்."

இத்தனை வருட நிம்மதியை நாலு நாளில் நான் துடைத்துவிட்டேன். இதைவிட வெட்கமாக நான் எங்கும் நின்றதில்லை. "மன்னிச்சிடுங்க அண்ணே," என்றேன்.

"அசல் இருக்குதில்ல?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது, அண்ணன் பீரோவில் இருக்கிறது என்றேன். "அப்ப புள்ளியும் இருக்கும். கார்பனு ஏமாத்தாது," என்றார்.

சூரியன் இறங்கத் தொடங்கியது. பத்மா அவசரமாக டிபன் கேரியரைத் திறந்தார். பொழுது சாய்ந்தால் அவர்கள் வாயில் பருக்கை வைக்க மாட்டார்கள். புளிச்சோறும் வேகவைத்த வேர்க்கடலையும். ஏழுமலையையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஈப்போவில் ஆட்டம் மாலையில் என்றால் நேமிராஜ் ஐந்தரைக்கே சாப்பிட்டுவிட்டு மேசைக்கு வருவாராம். வென்ற அணிகள் வைத்த எத்தனையோ விருந்துகளில் அவர் தண்ணீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கர்வக்காரர் என்று நினைத்தோம்.

அவர் வாய் கொப்பளித்து முடித்தபோது மேற்கே கோட்டைக்குப் பின்னால் சூரியன் விழுந்தது. கிழக்கே திரும்பினால் முழுநிலவு. இரண்டுக்கும் நடுவில் அந்த இருபத்துநான்கு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

விடுதிக்கு வந்ததும் அண்ணனை அழைத்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். சியோங் கை என்றேன். புள்ளியைச் சொன்னேன். நான் துடைத்ததையும் சொன்னேன். "சரிம்மா," என்று வைத்துவிட்டார். அன்று இரவு முழுக்க, எழுபது வயதுக்காரரிடமிருந்து பெயரைப் பிடுங்கிவிட்டேனோ என்று புரண்டுகொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை. செஞ்சிப் பேருந்து நிலையம். இந்த முறை காலி பேருந்தாகப் பார்த்து ஏழுமலையே ஏற்றிவிட்டார். சன்னலோரம், முழு இருக்கை. "செருப்பு ரெண்டும் இருக்குதா?" என்று வெளியே நின்று விசாரித்தார். அப்போது அண்ணன் அழைத்தார்.

"புள்ளி இருக்கு," என்றார். "பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தேன். இத்தன வருஷமா அதை ஏதோ கறைன்னு நெனச்சிருக்கேன்."

"வருத்தமா இருக்காண்ணே?"

"ராத்திரி இருந்துச்சு. காலையில சியோங்க நெனச்சுப் பாத்தேன்." சியோங் கிள்ளானை விட்டு வந்து இப்போது ஈப்போவில் பட்டறை வைத்திருக்கிறார். அண்ணனின் காரை அவர்தான் பழுதுபார்ப்பார். வருடம் தவறாமல் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து முறுக்கு சாப்பிடுவார். "ஒவ்வொரு தீபாவளிக்கும் யாராவது அந்தக் கூடைய இழுப்பாங்க. அவன் உடனே எழுந்து என் கையத் தூக்கிக் காட்டுவான். 'இந்தக் கைதான், நான் பக்கத்துல நின்னு பாத்தேன்'னு அவன் மொழியில சொல்லுவான். வெட்கப்பட்டு மறைக்கிறான்னு இருந்தா ஒரு வருஷம் சொல்லலாம், ரெண்டு வருஷம் சொல்லலாம். நாப்பது தீபாவளியாவா தங்கச்சி? அவன் எனக்குக் கொடுத்துட்டான்."

"அத்தியாயத்தை என்ன செய்ய? உண்மையை விவரமா எழுதவா?" என்று கேட்டேன்.

"சியோங்க கேக்காம எழுதாதே. வர்ற தீபாவளிக்கு நானே கேக்கறேன். அவன் சரின்னா எழுது, வேணாம்னா விட்டுடு. ஆனா அந்தப் புள்ளிய மட்டும் இன்னிக்கே திருப்பி வை. நேமிராஜோடது அது."

இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால், சியோங் சரி என்று சொல்லிவிட்டார் என்று அர்த்தம்.

பையிலிருந்து அச்சுப்படியை எடுத்து மடியில் விரித்தேன். பேனாவைத் திறந்தேன். கடைசி வரி, நான்காம் எண், வலது பக்கம், கீழே. வண்டி இன்னும் கிளம்பவில்லை. இருந்தும் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு ஒரு புள்ளி வைத்தேன்.